அண்டார்டிகா உருகினால் பாச்சலூருக்கு என்ன? தூரம் நம்மைக் காப்பாற்றாது என்பதற்கான கணக்கு!

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை வழியாகக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால் வருகிறது பாச்சலூர். கீழ்ப்பழநி மலைக் கிராமம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, மர நிழலில் காபிச் செடி, ஊடே மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் என்று போகும் விவசாயம். உறைபனிக் கண்டமான அண்டார்டிகாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்?

ஒரு வரைபடத்தை எடுத்து, பாச்சலூரில் புள்ளி வைத்து, அங்கிருந்து நேர் தெற்கே ஸ்கேலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு கன்னியாகுமரிக்கு அருகே கடலில் இறங்கும். அதன் பிறகு இந்தியப் பெருங்கடல்தான். ஒன்றிரண்டு குட்டித் தீவுகளைத் தவிர, வழியில் நிலம் என்று எதுவும் கிடையாது. சுமார் 8,900 கிலோமீட்டர் போன பிறகு கோடு கரையேறும் இடம் அண்டார்டிகா. அங்கிருந்து சில பத்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் மேல் பறப்பது இந்தியக் கொடி. 2012-ல் இந்தியா திறந்த 'பாரதி' ஆராய்ச்சி நிலையம் அது.

அதாவது, பாச்சலூருக்கும் பனிக் கண்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கடல். அந்தக் கடல்தான் இந்தக் கதையின் நாயகன்.

ஒரு காலத்தில் ஒரே நிலம்

பழநி மலையின் அடித்தளம் 'சார்னோகைட்' என்ற கடினமான பாறை. சென்னை பரங்கிமலை, பல்லாவரத்தில் கிடைப்பதும் இதே வகைதான். இதே பாறை வகை அண்டார்டிகாவிலும் இருக்கிறது. ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. இந்தியாவும் அண்டார்டிகாவும் 'கோண்ட்வானா' என்ற பெருநிலத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்து, இந்தியா வடக்கே நகர்ந்தது. அண்டார்டிகா தென்துருவத்திலேயே தங்கிவிட்டது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பனி படியத் தொடங்கியது. விழுந்த பனி உருகாமல், அதன் மேல் அடுத்த ஆண்டின் பனி விழுந்து, அழுந்தி, இறுகி, இன்று ஒரு கண்டத்தையே மூடிக் கிடக்கிறது. இதைத்தான் 'பனிப்படலம்' என்கிறார்கள்.

எவ்வளவு பெரியது? பரப்பில் இந்தியாவைப் போல நான்கு மடங்கு. சராசரி தடிமன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டுப் பக்கத்துச் சமவெளியில் நின்று கொடைக்கானலை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு, நான்கு இந்தியா பரப்பளவுக்கு ஐஸ். சில இடங்களில் தடிமன் 4.7 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

உலகில் இப்படிப்பட்ட பனிப்படலம் இன்னொன்றும் இருக்கிறது. அது வடக்கே, கிரீன்லாந்தில். கிரீன்லாந்து முழுக்க உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்டிகா முழுக்க உருகினால் சுமார் 58 மீட்டர். இது நாளையோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலோ நடந்து முடிகிற விஷயம் அல்ல. பல நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள் எடுக்கும். ஆனால், அதில் ஒரு சிறு துண்டு கரைந்தாலே போதும், கடலோர ஊர்களின் கணக்கு மாறிவிடும்.

டம்ளர் சோதனை

ஒரு டம்ளரில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு வையுங்கள். மிதக்கும் ஐஸ் உருகிய பிறகும் தண்ணீர் மட்டம் உயராது. ஐஸ் ஏற்கெனவே தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கித்தான் மிதக்கிறது. இப்போது வெளியிலிருந்து ஓர் ஐஸ்கட்டியை எடுத்து டம்ளரில் போடுங்கள். மட்டம் உடனே உயரும்.

துருவங்களிலும் இதே கதைதான். கடல் நீரே உறைந்து மிதப்பது 'கடல் பனி'. அது உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக உயராது. ஆனால், நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பனிப்படலம் கடலில் இறங்கினால், அது வெளியிலிருந்து போட்ட ஐஸ்கட்டி.

கடல் பனி உருகினால் கவலை இல்லையா? இருக்கிறது. வெள்ளை வேட்டி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் குடை வெயிலை வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பனி விலகி, அடர்நிறக் கடல் வெளியே தெரிந்தால், அதுவரை திருப்பி அனுப்பப்பட்ட வெயிலைக் கடல் குடிக்கும். கடல் சூடாகும். சூடான கடல் இன்னும் பனியை உருக்கும்.

உருகுவது மேலே அல்ல, அடியில்!

கிரீன்லாந்தில் கோடை வெயிலில் மேற்பரப்பு உருகி, ஓடைகளாக ஓடுகிறது. அண்டார்டிகாவின் பெரும்பகுதியில் கோடையிலும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான். அப்படியானால் அங்கே பனி எப்படிக் குறைகிறது? கடல் அடியிலிருந்து அரிக்கிறது.

பனிப்படலம் அசையாமல் கிடப்பதுபோலத் தெரிந்தாலும், தன் எடையாலேயே கடலை நோக்கி மெதுவாக வழிகிறது. அப்படி வழியும் பனியாறுகள் கடலைத் தொட்டதும் உடனே உடைவதில்லை. நிலத்தோடு ஒட்டியபடியே கடலின் மேல் பல நூறு மீட்டர் தடிமனில் நீண்டு மிதக்கின்றன. இதை மிதக்கும் பனித்தட்டு எனலாம். பாச்சலூர் மலைச்சாலையில் மண் சரியாமல் இருக்கக் கட்டியிருக்கும் தடுப்புச்சுவர் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் இந்தத் தட்டு செய்கிறது. பின்னால் வழியும் பனியாற்றை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள ஆழ்கடலில், உறைநிலையைவிட சில டிகிரி மட்டுமே கூடுதல் வெப்பமுள்ள நீர் ஓடுகிறது. நமக்கு அது கை விறைக்கும் குளிர். ஆனால் பனிக்கு அது வெந்நீர். இந்த நீர் மிதக்கும் தட்டுக்கு அடியில் புகுந்து கீழிருந்து கரைக்கிறது. தட்டு மெலிகிறது. ஒருநாள் தடுப்புச்சுவர் உடைகிறது.

2002-ல் உலகம் இதை நேரில் பார்த்தது. அண்டார்டிகத் தீபகற்பத்தில் இருந்த 'லார்சன் பி' பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறக்குறைய ஒரே மாதத்தில் சிதறிப்போனது. அங்கே காரணம் கடல் மட்டுமல்ல, மேற்பரப்பில் தேங்கிய உருகுநீர் விரிசல்களில் இறங்கித் தட்டைப் பிளந்தது. மிதந்த பனி என்பதால் அந்த உடைப்பு கடல் மட்டத்தை நேரடியாக உயர்த்தவில்லை. ஆனால், முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் போனதால், பின்னால் இருந்த பனியாறுகள் முன்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடலில் இறங்கின.

இன்று விஞ்ஞானிகள் கண்கொட்டாமல் பார்ப்பது மேற்கு அண்டார்டிகாவின் 'த்வைட்ஸ்' பனியாற்றை. அகலம் சுமார் 120 கிலோமீட்டர். இது ஒன்று முழுதாகக் கரைந்தாலே கடல் மட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். இதன் அடியில் உள்ள தரை, உள்ளே போகப் போகக் கிண்ணம்போலப் பள்ளமாகிறது. பனி பின்வாங்கப் பின்வாங்க, கடல் நீர் மேலும் ஆழமான, மேலும் தடிமனான பனியைத் தொடுகிறது. இந்த அமைப்பால்தான் அதன் பின்வாங்கலை நிறுத்துவது கடினம் என்கிறார்கள்.

அதற்காக, உடையும் ஒவ்வொரு பனிப்பாறையும் ஆபத்தின் அறிகுறி என்று நினைத்துவிடக் கூடாது. 2019 செப்டம்பரில், பாரதி நிலையம் இருக்கும் அதே கடலோரப் பகுதியில் உள்ள 'அமெரி' பனித்தட்டிலிருந்து 1,600 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய பாறை பிரிந்தது. நகம் வளர்ந்து உடைவதுபோல, பனித்தட்டுகளில் அவ்வப்போது நடக்கும் இயல்பான நிகழ்வுதான் அது. வளர்வதைவிட அதிகம் உடைகிறதா, கரைகிறதா என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கு 100 மேட்டூர்

அந்தக் கேள்விக்குச் செயற்கைக்கோள்கள் பதில் சொல்கின்றன. பனியின் எடை குறைந்தால் அந்த இடத்தின் ஈர்ப்புவிசையும் துளி குறையும். அதை விண்ணிலிருந்தே அளக்கிறார்கள். 2002 முதலான அளவீடுகளின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. இது எவ்வளவு? மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கிரீன்லாந்து ஆண்டுதோறும் கடலில் சேர்ப்பது, நிரம்பிய மேட்டூர் அணைகள் சுமார் 100. அண்டார்டிகாவின் பங்கு சுமார் 50 மேட்டூர்.

1992 முதல் 2020 வரை இரண்டும் சேர்ந்து இழந்தது 7.56 லட்சம் கோடி டன். மேட்டூர் கணக்கில் 2,800 முறைக்கு மேல். இத்தனையும் சேர்ந்து உலகக் கடல் மட்டத்தை உயர்த்தியது 2.1 சென்டிமீட்டர்தான். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால், கடல் நீர் சூடாகி விரிவதும் மற்ற மலைப் பனியாறுகள் உருகுவதும் இதோடு சேர்கின்றன. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2015 வரை கடல் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் வேகத்தைப்போல இது சுமார் இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல்.

தூரம் ஏன் காப்பாற்றாது?

'உருகுவது அங்கே, நாம் இருப்பது இங்கே' என்று ஆறுதல் அடைய முடியாததற்கு ஒரு விநோதமான காரணம் உண்டு. கடல் மட்டம் என்பது சமதளம் அல்ல. எடை அதிகமுள்ள இடத்தை நோக்கி நீர் இழுக்கப்படும். நமக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புவிசை குறைவான ஒரு பகுதி இருப்பதால், அங்கே கடல் பரப்பு எதிர்பார்க்கும் அளவைவிட சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது.

பனிப்படலமும் தன் பெரும் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி உருகி எடை குறைந்தால் பிடி தளரும். அப்போது கிரீன்லாந்துக் கரையோரத்தில் கடல் மட்டம் இறங்கும். அங்கிருந்து விடுபட்ட நீர் தொலைவில் உள்ள கடல்களில் ஏறும். அண்டார்டிகா உருகினாலும் அப்படித்தான். இரண்டு துருவங்களுக்கும் தூரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கும் பகுதிகளுக்கு இது நல்ல செய்தி அல்ல. அதாவது நமக்கு. தூரத்தில் இருப்பது இங்கே பாதுகாப்பு இல்லை, பாதகம்.

கடல் மலையேறுமா?

வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கவலை நியாயம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிப் பயிர் செய்யும் மலைக்காரர்களுக்கு என்ன?

கடல் நீர் மலையேறாது. ஆனால் கடலின் காற்றும் மழையும் ஏறும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் மேற்கே போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டதை அந்த மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கஜாவுக்கும் துருவப் பனிக்கும் முடிச்சுப் போட முடியாது. ஆனால், புயலுக்கு எரிபொருள் கடலின் வெப்பம். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. துருவப் பனியை அரிப்பதும் நம் பக்கம் புயலுக்குத் தீனி போடுவதும் கடல் வாங்கிச் சேர்த்த அதே வெப்பம்தான்.

அடுத்தது மழை. உருகிய பனி நன்னீர். உப்பு நீரைவிட லேசானது. கிரீன்லாந்திலிருந்து இறங்கும் நன்னீர் வட அட்லாண்டிக் கடலின் மேல் பரவுகிறது. வழக்கமாக அங்கே உப்பும் குளிரும் சேர்ந்த கனமான நீர் ஆழத்துக்கு இறங்கி, உலகக் கடல்களை இணைக்கும் ஒரு பெரிய சுழற்சியை ஓட்டுகிறது. நன்னீர் கூடினால் நீர் லேசாகி, மூழ்குவது குறையும். சுழற்சி தளரும். வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் அந்த நீரோட்டம் பெரிதும் பலவீனமானால், வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும், ஆசியப் பருவமழை தளரும் என்கிறது ஐ.நா-வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கு இடையேயான குழு, ஐ.பி.சி.சி.

தெற்கே வேறு விதம். அண்டார்டிகாவைச் சுற்றி உருகிய நன்னீர் மேலே மூடிபோலப் படிகிறது. காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்தால் உள்ளே சூடு தங்கும் அல்லவா? அப்படி, ஆழத்து வெப்பம் மேலே வந்து ஆறாமல் அடியிலேயே நின்று, பனித்தட்டுகளை மேலும் கரைக்கிறது.

மண் வைத்திருக்கும் கணக்கு

இதெல்லாம் கம்ப்யூட்டர் கணிப்பு மட்டும்தானா? இல்லை. ஏற்கெனவே நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்பு வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகள் கூட்டம் கூட்டமாக உடைந்து உருகிய காலத்தில், இந்தியப் பருவமழை பலவீனப்பட்டதை அரபிக்கடலின் அடிமண் காட்டுகிறது.

இன்னும் அருகில் ஒரு சாட்சி, நீலகிரியில். பழநி மலையின் மேல்பகுதியைப் போலவே சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருக்கும் மலை அது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், 'பீட்' எனப்படும் மட்கிய சதுப்பு மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் அந்தக் காலத்துச் செடிகொடிகளின் மிச்சம். மரங்களும் ஈரத்தில் வளரும் செடிகளும் ஒரு வகைக் கார்பன் அடையாளத்தை விட்டுச்செல்கின்றன. சோளம், கரும்பு போல வறட்சி தாங்கும் புல் இனங்கள் வேறு அடையாளத்தை. இந்த மண்ணை ஆராய்ந்த ஆர்.சுகுமார் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள், 1993-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் பனிப்படலங்கள் மிகப் பெரிதாக இருந்த காலத்தில், அந்த மலையில் வறட்சி தாங்கும் புல்லே மிகுந்திருந்தது. அப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, பருவமழையும் குறைவு. கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு பனி உருகி, பூமி சூடாகி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை வலுத்தபோது, ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. துருவத்துப் பனியும் நம் மலையின் புல்லும் மரமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை அந்த மண் சொல்கிறது. அன்றைய மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. செடிகொடிகள் மெதுவாக இடம் மாறிக்கொண்டன. இன்று காபித் தோட்டமும் வாழைத் தோப்பும் அப்படி நகர முடியாது.

பூ மழை தவறினால்...

காபிக்கு மொத்த மழையைவிட மழையின் நேரம் முக்கியம். கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல 'பூ மழை' பெய்தால்தான் மொட்டு விரியும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிற்கும். அறுவடை நேரத்தில் விடாமல் பெய்தால் பழம் வெடித்து உதிரும், களத்தில் காய வைக்கவும் முடியாது. ஒரு மழை நேரம் தவறினால் பழம் பறிக்கும் கூலிநாள்களும் குறையும். விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தின் மணமும் சுவையும் இந்த மலைகளின் உயரம், குளிர், மானாவாரி மழை ஆகியவற்றோடு சேர்ந்தவை. குறியீட்டைக் காகிதத்தில் காப்பாற்றலாம். மழையை?

ஏதோ ஓர் ஆண்டு பூ மழை தவறினால் அதற்குப் பனிப்படலத்தைக் குற்றம் சொல்வது அறிவியல் ஆகாது. ஓர் ஆண்டின் மழையைப் பசிபிக் கடலின் எல் நினோ முதல் உள்ளூர்க் காற்று வரை பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பனிப்படலம் மாற்றுவது பல பத்தாண்டுகளில் விரியும் அடித்தளத்தை. மலைத்தோட்டத்தில் நட்ட மிளகும் காபியும் பல பத்தாண்டுகள் நிற்கும் பயிர்கள் என்பதால்தான், இந்தக் கணக்கு மலை விவசாயிக்கும் வேண்டியதாகிறது.

கண்காணிக்கும் இந்தியக் கண்கள்

1982 ஜனவரி 9 அன்று, கடல் ஆய்வாளர் எஸ்.இசட்.காசிம் தலைமையிலான முதல் இந்தியக் குழு அண்டார்டிகாவில் கால்வைத்தது. 1983-84-ல் அமைத்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் சில ஆண்டுகளிலேயே பனியில் புதைந்தது. பிறகு 'மைத்ரி', அதன் பிறகு 'பாரதி'. வடதுருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் 'ஹிமாத்ரி' நிலையம் இயங்குகிறது.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த 'இண்டார்க்' என்ற கருவித் தொகுதி, 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. கடலின் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அது அளக்கிறது. துருவக் கடலின் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இனி என்ன?

ஐ.பி.சி.சி-யின் 2021 அறிக்கைப்படி, கரியமில வாயு வெளியீட்டை உலகம் மிக வேகமாகக் குறைத்தால், 2100-க்குள் கடல் மட்டம் 28 முதல் 55 சென்டிமீட்டர் உயரும். குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை. முதல் கணக்கிலும் உயர்வு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே கடல் வாங்கிய வெப்பம் அவ்வளவு. ஆனால், இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள சுமார் 40 சென்டிமீட்டர் வித்தியாசம் இன்னும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது. டெல்டாவில் அது எத்தனையோ வயல்களின் தலையெழுத்து.

மலையில் செய்ய வேண்டியவை வேறு. மர நிழலை வெட்டாமல் காபி வளர்ப்பது மண்ணின் ஈரத்தைக் காக்கும், மழை தவறும் ஆண்டுகளில் செடியைத் தாங்கும். மழைநீரைத் தேக்கிவைத்தால், பூ மழை வராத ஆண்டில் ஒரு முறையாவது தெளித்து மொட்டை விரியவைக்கலாம். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இதே கீழ்ப்பழநி மலையில்தான் இருக்கின்றன. எந்த ரகம், எந்த நிழல், எந்த மாதத்தில் கவாத்து என்று கேட்க வெகுதூரம் போக வேண்டாம்.

பாச்சலூர்ப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை பரப்பலாறு அணையில் சேர்ந்து, நங்காஞ்சியாறாக ஓடி, அமராவதியிலும் காவிரியிலும் கலந்து வங்கக்கடலுக்குப் போகிறது. அதே கடலிலிருந்துதான் வடகிழக்குப் பருவமழை மீண்டும் இந்த மலைக்கு ஏறி வருகிறது. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு, 8,900 கிலோமீட்டருக்கு அப்பால் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.